கத்திரி வெட்டி எடுத்த முகங்கள்

அவளுக்குக் கத்திரி என்று பேர் வைத்தவர் ஸ்டுடியோ முதலாளி. பாராட்டித்தான் வைத்தார். அவள் வாய்க்கும் அந்தப் பேர் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது பின்னால்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னல் இல்லாத மூலையில், இரண்டு திரைகளுக்கு முன்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறாள். ஊரில் உள்ள மாமியார்கள் முக்கால்வாசிப் பேரை நல்லவர்களாக்கிய பெருமை அவளுடையது.

அவள் தொழிலில் ஒரே ஒரு சட்டம். முகம் சுளித்தால் வெட்டு. அழுகை என்றால் பெண்ணின் அம்மா அழுவது மட்டும் இருக்கலாம், அதுவும் நாலு நொடி. மற்றபடி எவன் உர்ரென்று இருந்தாலும், எவள் உதட்டைப் பிதுக்கினாலும், கை தானாகப் போய் வெட்டிவிடும். ஒரு கல்யாணத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் மேடையிலேயே நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். கத்திரி கொடுத்த வீடியோவில் சித்தப்பா முதலில் கட்டில்லாமல் சிரிக்கிறார், பிறகு கட்டோடு சிரிக்கிறார். நடுவில் ஒரு பூங்கொத்து சுழன்று வந்து போகிறது. இரண்டு வீட்டாரும் மனம் குளிர்ந்து வாங்கிப் போனார்கள்.

சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வெட்டுவாள். எல்லாவற்றின் மேலும் பாட்டு வந்து உட்காரப்போகிறது, யார் என்ன பேசினார்கள் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது. வெட்டி எடுத்த துண்டுகளை மட்டும் அழிக்க மாட்டாள். கணினியில் 'குப்பை' என்று ஓர் இடம் வைத்திருந்தாள். பாசத்தினால் அல்ல. இரண்டு வருஷம் கழித்து அதே குடும்பம் வக்கீலோடு வந்து நிற்கும். "அன்னைக்கே இவங்க மாமா எங்கள முறைச்சாரு, அது இருக்கா?" என்று கேட்கும். இருக்கும்.

இப்படி ஊரார் முகங்களையெல்லாம் சிரிக்க வைத்தவளைப் பார்த்து யார் சிரித்தார்கள் என்று கேட்டால், விரலை மடக்க வேலையே இல்லை. முதலாளி சிரிக்க மாட்டார். வாடிக்கையாளர்கள் பின்னறைக்கு வரவே மாட்டார்கள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், பாதி மாடியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரிதான் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போடவும் கொஞ்சம் முகம் பார்க்க வேண்டுமே.

ஆனால் மேட்டில் சிரித்தார்கள். அதுதான் விஷயம்.

நகரத்துக்கு வடக்கே பெரிய ஏரி. அதன் அந்தக் கரையில் செம்மண் சரிவு ஏறி, மேலே கல்வேலி கட்டிய ஏழு சிற்றூர்கள். எல்லோருக்கும் அது 'மேடு'. படகில் போனால் ஐம்பது நிமிஷம், சாலையில் சுற்றிக்கொண்டு போனால் ஐந்து மணி நேரம். கல்யாணங்கள் குறைகிற மாதத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள். "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று புருஷன் ஒரே ஒரு முறை கேட்டான். "காத்து" என்றாள். "இங்க இல்லாத காத்தா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு செத்தது.

காற்று மட்டுமா. படகுத்துறையில் இறங்கினால் படகுக்காரர் கை கொடுப்பார். மேலே ஏறினால் விடுதிக்காரி வாசலிலேயே நிற்பாள். "வாங்க மேடம், வாங்க. உங்க ஜன்னல் ரூம் ரெடியா இருக்கு" என்று முகமெல்லாம் பல்லாக அழைப்பாள். வருஷத்தில் ஐம்பத்தொரு வாரம் கத்திரி அந்த ஒரு அழைப்பை வைத்துத்தான் காலம் தள்ளினாள்.

ஐம்பத்தோராம் வயதில் மேட்டைப் பற்றி ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தாள். ஸ்டுடியோவில் ஓய்வு கொடுத்துப் பரணில் போட்டிருந்த பழைய கேமராவைக் கேட்டபோது முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பயணப் படமா? மாப்பிள்ளை பொண்ணு இல்லாம யாரு பாப்பாங்க?"

"உங்க மாப்பிள்ளை பொண்ணையே அவங்க வீட்டுக்காரங்க தவிர எவனும் பாக்கல" என்றாள். கேமராவை ஒரு வழியாகக் கொடுத்தார். சார்ஜரைக் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது.

இரண்டு வருஷத்து லீவும் அதில் போயிற்று. கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, "பேசுங்க, உங்க ஊரப் பத்தி என்ன தோணுதோ பேசுங்க" என்பாள். அவர்கள் பேசுவார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே மேகம் சூரியனை மறைக்கிறதா, கழுத்தில் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து பின்னறையில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சத்தத்தை அணைத்துவிட்டு வெட்டினாள். ஐம்பத்திரண்டு நிமிஷப் படம். மேலே புல்லாங்குழல். பேர் 'சிரிக்கும் மேடு'.

படம் எடுப்பதுகூடச் சுலபம், அதை ஒருத்தனைப் பார்க்க வைப்பதுதான் கழுத்தறுப்பு. பதினொரு பட விழாக்களுக்கு அனுப்பினாள். ஒன்பது பேர் வாயே திறக்கவில்லை, இரண்டு பேர் வருத்தத்தோடு வாழ்த்தினார்கள். திரைப்படச் சங்கத்துக்குப் போன் போட்டால் செயலாளர் சாப்பிடுகிறார், மறுபடி போட்டால் கையலம்புகிறார். போஸ்டரை அவளே வடிவமைத்தாள். படகுக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வெள்ளந்தியாகச் சிரிக்கிற முகம், பின்னால் ஏரி. அதை ஒட்டப் போன இடத்திலெல்லாம் காவல்காரர்கள் விரட்டினார்கள். கடைசியில் வீட்டு வரவேற்பறையில் சுருட்டி வைத்திருந்த கட்டைப் பார்த்துவிட்டுப் புருஷன் வாய் திறந்தான்.

"குடு. லிஃப்ட்ல ஒட்டுறேன்."

"எதுக்கு?"

"லிஃப்ட்ல நிக்கிறவன் வேற எங்க பாப்பான்? கூட நிக்கிறவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காது. இதத்தான் பாப்பான்."

அன்பினால் சொன்னானா, இடத்தை அடைக்கிறதே என்று சொன்னானா தெரியாது. அவன் பராமரிக்கிற இருபத்திரண்டு லிஃப்டிலும் படகுக்காரர் சிரித்தார். அதில் ஒரு லிஃப்ட் நீர்வழிப் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்தது. ஏரிப் படகுகளை விடுகிற அலுவலகம். அங்கே ஐந்தாம் மாடியில் உட்காரும் அதிகாரி தினம் இரண்டு வேளை அந்தச் சிரிப்போடு ஏறி இறங்கி, ஒரு நாள் அவளையே கூப்பிட்டு, எங்கள் காத்திருப்புக் கூடத்து டிவியில் உங்கள் படத்தைப் போடலாமா என்று கேட்டார். கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. போடுங்கள், போஸ்டரையும் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த லீவுக்கு, மேட்டு ஜனங்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டுவது என்று கிளம்பினாள். ஏழு ஊருக்கும் எழுபது போஸ்டர். படகுத்துறைச் சுவரில் அலுவலகமே பெரிதாக ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் படகை நெருங்கினாள். படகுக்காரர் எல்லோரையும் ஏற்றிவிட்டு, அவள் கால் வைக்கப் போகும்போது பலகையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஏறாதீங்க."

"ஏன், ஆள் நிறைஞ்சிருச்சா?"

"படகு பாதி காலி. நீங்க ஏறாதீங்கன்னுதான் சொன்னேன்." சுவரைக் காட்டினார். "அது யாரு?"

"நீங்கதான்."

"எதுக்குச் சிரிக்கிறேன்?"

எதற்கும் வாய் அடைத்துப் பழக்கமில்லாத கத்திரி போஸ்டர் கட்டை அணைத்துக்கொண்டு சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறந்து போச்சு, இல்ல? நான் சொல்றேன். பதினோரு நிமிஷம் உங்க கேமராகிட்ட பேசினேன். மதியப் படகை நிறுத்தப் பாக்குறாங்க, நிறுத்தினா காலைல ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க அன்னைக்கே வீடு போய்ச் சேர முடியாதுன்னு சொன்னேன். போன மழையில நடந்ததச் சொன்னேன். முடிச்சிட்டு, 'போதுமா'ன்னு உங்களக் கேட்டேன். கேக்கும்போது சிரிச்சேன். நீங்க அத மட்டும் எடுத்துக்கிட்டீங்க."

"நான் வேணும்னு செய்யல."

"போன வாரம் கூட்டம் நடந்துச்சு. மேட்டுல இருந்து நாப்பது பேர் போனோம். அதிகாரி அந்த டிவியக் காட்டி, 'இவங்களா கஷ்டப்படுறாங்க?'ன்னு கேட்டாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு. ஒண்ணாந்தேதியில இருந்து மதியப் படகு கிடையாது. போங்க. போய் உங்க படத்தப் பாருங்க."

படகில் இருந்தவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள். பத்தொன்பது வருஷமாகச் சிரித்த முகங்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் குழந்தையின் தலையை வேறு பக்கம் திருப்பி வைத்தாள். படகு போய்விட்டது. கத்திரிக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். இத்தனை வருஷம் இளித்துவிட்டு இப்போது மட்டும் மூஞ்சியைத் திருப்புகிறார்களே, இவர்களுக்காகத்தானே இரண்டு வருஷம் நாயாக அலைந்தேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தாள். வெட்கம் வீட்டுப் படியேறும்போதுதான் வந்தது. வந்ததும் அது போகவில்லை. இனி அந்தத் துறையில் இறங்க முடியாது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றியது. உலகத்தில் அவளை வா என்று கூப்பிட்ட ஒரே இடம் அது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஸ்டுடியோவுக்குப் போய்க் 'குப்பை'யைத் திறந்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகச் சத்தத்தை வைத்தாள்.

படகுக்காரர் பேசினார். பதினோரு நிமிஷம் இல்லை, பன்னிரண்டரை. இடையில் ஓர் இடத்தில் கத்திரியின் குரலே கேட்டது: "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க, வெளிச்சம் விழல." அவர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது, போன மழையில் மதியப் படகு ஓடாத ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குச் சாலையைச் சுற்றிக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுபோன தன் அண்ணியைப் பற்றி. அதற்காக அவர் நிறுத்திவிட்டு, திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். கத்திரி அதை மூன்று முறை பார்த்தாள். தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

பிறகு விடுதிக்காரி. படத்திலேயே நீளமான சிரிப்பு அவளுடையது, முழுசாக ஒன்பது நொடி. ஒன்பதாவது நொடியில் கத்திரி வெட்டியிருந்தாள். குப்பையில் மிச்சம் இருந்தது. பத்தாவது நொடியில் விடுதிக்காரி திரும்புகிறாள், ஸ்விட்சை அணைத்தது போல அந்த முகம் அணைந்துபோகிறது. உள்ளே யாரிடமோ சொல்கிறாள்: "வந்துட்டாங்க. ஜன்னல் ரூம்ல இருக்கிற வாளிய எடுத்து ஒளிச்சு வை."

எந்த வாளி, எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு வேலை என்பது விளங்கியது. அவள் வீடியோவில் சித்தப்பா சிரித்த மாதிரியான சிரிப்பு. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்து, பெண்ணின் அம்மா அழுகிற துண்டோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் உட்கார்ந்து, சத்தத்தோடு, குப்பையிலிருந்தே இன்னொரு படம் வெட்டினாள். முப்பத்தெட்டு நிமிஷம். பாட்டு கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. ஏழு ஊர் ஜனங்களும் முறைத்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், அலுவலகத்தைத் திட்டினார்கள். அதற்குள் ஒண்ணாந்தேதியும் வந்து மதியப் படகும் நின்றுபோயிருந்தது. முதலாளி பத்து நிமிஷம் பார்த்தார். "இதுல எல்லாரும் என்னையே முறைக்கிற மாதிரி இருக்கே" என்றார். "இருக்கட்டும்" என்றாள்.

படகில் ஏற முடியாதே. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனாள். வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நோயாளியைப் படுக்க வைத்து இந்தச் சாலையில் கொண்டுபோகிறவர்களை நினைத்து, தன்னையே திட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். படகுக்காரர் மேட்டுப் பக்கத்துத் துறைக் கொட்டகையில் மதிய வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை அவர் மடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் முப்பத்தெட்டு நிமிஷமும் அசையாமல் பார்த்தார்.

"எல்லார் மூஞ்சியும் இருக்கு" என்றார். "உங்க மூஞ்சி எங்க?"

"நான் எதுக்கு? நான் எடுத்தவ."

"எடுத்தவங்கதான வெட்டினீங்க. அத யாரு சொல்றது, நானா?" அவள் தோளில் தொங்கிய கேமராவுக்குக் கையை நீட்டினார். "எந்தப் பட்டன்?"

எத்தனையோ ஆயிரம் முகங்களை வெட்டியவள் தன் வாழ்நாளில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் உதடு தானாக விரிந்தது.

"சிரிக்காதீங்க" என்றார். "மறுபடி."

மறுபடி தொடங்கினாள், மறுபடி பல் தெரிந்தது. அந்தக் கருமம் பிடித்த சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ. ஆறாவது முறை, அலுத்து, வியர்த்து, அவரையே முறைத்துக்கொண்டு சொன்னாள்: "இவரு பன்னிரண்டரை நிமிஷம் பேசினாரு. நான் கேக்கல. சத்தத்த அணைச்சு வச்சுட்டு, மூஞ்சி கோவமா இருக்குன்னு வெட்டிட்டேன். போஸ்டர்ல இருக்கிற சிரிப்பு, போதுமான்னு கேட்ட சிரிப்பு. போதல."

"இது சரி" என்று படகுக்காரர் கேமராவை அணைத்தார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

தன் முகத்தைப் படத்தின் தலையிலேயே வைத்தாள். இந்த முறை போஸ்டரில் படகுக்காரர் முறைத்தார். புருஷன் பழையதைக் கிழித்துவிட்டு இருபத்திரண்டு லிஃப்டிலும் புதியதை ஒட்டினான். காலையில் வேலைக்கு ஏறும்போதே ஒருவன் முறைக்கிறான் என்று எட்டு இடத்திலிருந்து புகார் வந்தது. என்ன கோபம் அந்த ஆளுக்கு என்று விசாரிக்கவும் தொடங்கினார்கள். திரைப்படச் சங்கத்துச் செயலாளர் சாப்பிட்டு முடித்து அவராகவே போன் செய்தார். முதல் படத்துக்கு வராத கூட்டம் இதற்கு வந்தது, பாதிப் பேர் சண்டை போடவே வந்தார்கள்.

மேட்டு ஜனங்கள் மறுபடி கூட்டம் கேட்டு வாங்கியபோது கத்திரியும் போனாள். அவர்கள் பக்கத்தில் அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, சுவரோரம் நின்றாள். அதிகாரி அவளைக் கண்டதும் அன்பாகத் தலையை ஆட்டினார்.

"மேடம், உண்மையச் சொல்லணும்னா உங்க முதல் படம்தான் நல்லா இருந்துச்சு."

"அத நான் சத்தம் இல்லாம வெட்டினேன் சார். இத நீங்க சத்தத்தோட பாருங்க."

அவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். அண்ணியைப் பற்றி வந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான் அவரிடமிருந்து கிடைத்த மரியாதை. மூன்று மாதம் இழுத்தடித்து, வாரத்துக்கு மூன்று நாள் மதியப் படகு என்று தாள் வந்தது. முன்பு ஏழு நாளும் ஓடிய படகு. ஒருத்தரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

லீவு வந்தது. போவதா வேண்டாமா என்று மூன்று நாள் மருகிவிட்டு, மழை தூறிய ஒரு மதியம் துறைக்குப் போனாள். படகுக்காரர் பார்த்தார். பலகையை உள்ளே இழுக்கவில்லை. அவள் ஏறிக்கொண்டாள். ஐம்பது நிமிஷமும் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரிவில் ஏறி விடுதிக்குப் போனபோது, விடுதிக்காரி வாசலில்தான் நின்றாள். கத்திரியின் கை கேமராப் பையின் வாரை இறுக்கிக்கொண்டது. போ என்று சொன்னால் இதே படகில் திரும்பிவிட வேண்டியதுதான். விடுதிக்காரி சிரிக்கவில்லை. புருவத்தை நெரித்து, அவளை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தாள்.

"இந்த மழையில வரணும்னு யாரு அழுதா? சேத்தோட உள்ள வராதீங்க, இப்பதான் கூட்டினேன்."

கத்திரி செருப்பைக் கழற்றினாள்.

"ஜன்னல் ரூம் ஒழுகுது. இன்னைக்கு நேத்து இல்ல, ஆறு வருஷமா ஒழுகுது. நீங்க வர்ற வாரம் மட்டும் வாளிய ஒளிச்சுட்டுக் கட்டில நகத்திப் போட்டு, மழை வந்துடக் கூடாதுன்னு நான் தூங்காம கிடப்பேன். என்னால இனிமே முடியாது. ஒழுகுற ரூம்தான் இருக்கு. வேணும்னா இருங்க."

"இருக்கேன்" என்றாள் கத்திரி.

விடுதிக்காரி உள்ளே போய், விளிம்பு நசுங்கிய ஒரு பழைய வாளியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். கத்திரி கேமராவைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று விடுதிக்காரி கீழே இருந்து எரிச்சலோடு கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.